பத்து டொலர் பத்துச் சதம்

2025 ஆம் ஆண்டு டிசெம்பர் மாதத்தை ஐக்கிய அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்திலுள்ள ஒரு சிறு பட்டினத்தில், என் மகளின் வீட்டிலே கழித்தேன். பனி கொட்டும் ஊர். முப்பத்தைந்து ஆண்டுகள் யாழ்ப்பாணத்துப் பாடசாலைகளிலே கணக்குப் படிப்பித்து இளைப்பாறிய ஒருவனுக்கு அங்கே செய்வதற்கு என்ன இருக்கின்றது? காலையிலே மகளும் மருமகனும் வேலைக்குப் போய்விடுவர். பேரப்பிள்ளைகள் பள்ளிக்கூடம் போய்விடுவர். நான் கம்பளிச் சட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டுக்கொண்டு இரண்டு தெருக்கள் தள்ளியுள்ள பொது நூலகத்துக்கு நடந்து போவேன். வாசிப்பதற்காகப் போனேன் என்று சொன்னால் அது முழு உண்மையாகாது. அங்கே சூடாக இருக்கும், மனிதரும் இருப்பர்.

அங்கேதான் அந்தப் பெரியவரைக் கண்டேன். வயது எழுபத்தேழு. இருபது வயதிலே வியட்நாம் யுத்தத்துக்கு அனுப்பப்பட்டுத் திரும்பி வந்தவர். யுத்தத்தைப் பற்றி அவர் ஒருபோதும் பேசியதில்லை, நானும் கேட்டதில்லை. யுத்தத்தைக் கண்ட ஊரிலிருந்து வந்தவனுக்கு எதைக் கேட்கக்கூடாது என்பது தெரியும். நான் கணக்குப் படிப்பித்தவன் என்பதை அறிந்த நாள் முதலாக அவர் என்னைப் 'புரொபெசர்' என்று அழைக்கத் தொடங்கினார். நான் புரொபெசர் அல்லன் என்று இரண்டு முறை சொன்னேன், பின்னர் விட்டுவிட்டேன்.

ஒரு நாட்காலை அவர் இரண்டு கடிதங்களை மேசைமீது விரித்தார். ஒன்று சமூகப் பாதுகாப்பு நிருவாகத்திலிருந்து வந்தது. மற்றையது முன்னாட் போர்வீரர் திணைக்களத்திலிருந்து வந்தது. வாழ்க்கைச் செலவு ஏறியிருப்பதனால் 2026 ஆம் ஆண்டுக்கு நூற்றுக்கு 2.8 வீதம் உயர்த்தித் தருகின்றோம் என்பதே இரண்டினதும் சாரம். "புரொபெசர், அரசாங்கம் எனக்கு ஏற்றம் தந்திருக்கிறது. ஒவ்வோராண்டும் தருகிறது. தை மாதம் பிறந்ததும் அது எங்கே போகிறது என்றுதான் எனக்கு விளங்குவதில்லை," என்றார்.

எனக்கு இந்தக் கேள்வி புதியதன்று. நானும் இளைப்பாற்றுச் சம்பளத்தில் வாழ்பவன். 2022 ஆம் ஆண்டு செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண் முந்திய ஆண்டினதைக் காட்டிலும் ஏறக்குறைய நூற்றுக்கு 70 வீதம் உயர்ந்து நின்றது. நம் நாட்டில் விலை ஏறும்போது இளைப்பாற்றுச் சம்பளம் தானாக ஏறுவதில்லை; அரசாங்கம் மனம் வைத்து ஒரு படியைக் கூட்டினால் உண்டு, இன்றேல் இல்லை. ஆகவே, விலைவாசியைப் பார்த்து ஆண்டுதோறும் தானாகவே உயரும் ஒரு பென்சனைப் பற்றிக் குறைப்பட்டுக்கொள்ளும் மனிதரைக் கண்டபோது முதலில் எனக்குச் சிறிது பொறாமையே உண்டாயிற்று. கணக்கைப் போட்டுப் பார்த்த பின்னர் அந்தப் பொறாமை இருந்த இடம் தெரியவில்லை.

முதலிலே ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். அமெரிக்காவிலே 'முன்னாட் போர்வீரரின் பென்சன்' என்று பொதுவாகச் சொல்லப்படுவது ஒரு பொருளன்று, மூன்று. இருபது ஆண்டுகளோ அதற்கு மேலோ படையிலே சேவை செய்து இளைப்பாறியவர் பெறும் இளைப்பாற்றுச் சம்பளம் ஒன்று. சேவையினால் உண்டான காயத்துக்கோ நோய்க்கோ, அதன் கடுமையை நூற்றுக்குப் பத்து முதல் நூறு வரை அளந்து கொடுக்கும் நட்டஈடு மற்றொன்று. மூன்றாவதற்குத்தான் சட்டத்திலே 'பென்சன்' என்ற பெயர். யுத்த காலத்திலே சேவை செய்து, அறுபத்தைந்து வயதைக் கடந்து, அல்லது உழைக்க இயலாதவராகி, வறுமையில் வாழ்பவருக்குக் கொடுக்கப்படுவது அது. முதலிரண்டும் உரிமையாகக் கருதப்படுபவை. மூன்றாவதைப் பெறுவதற்கு வறியவர் என்பதைக் காட்ட வேண்டும். நூலகத்துப் பெரியவர் பெறுவது இந்த மூன்றாவது வகை. பத்திரிகைகளில் 'போர்வீரருக்கு ஏற்றம்' என்று தலைப்புப் போடுவோர் இந்த மூன்றையும் ஒன்றாகவே எண்ணுகின்றனர். ஒரே சதவீதம் மூன்று வீடுகளுக்குள் மூன்று விதமாக நுழைகின்றது என்பது அவர்களது கண்ணிற் படுவதில்லை.

அந்தச் சதவீதம் எங்கே பிறக்கின்றது? தொழிலாளர் புள்ளிவிபரப் பணியகம் மாதந்தோறும் கடைகளிலும் வாடகை வீடுகளிலும் விலைகளைத் திரட்டி ஒரு சுட்டெண் தயாரிக்கின்றது. நகரத்துக் கூலியாளரும் எழுதுவினைஞரும் வாங்கும் பொருள்களை அடிப்படையாகக் கொண்ட சுட்டெண் அது. ஜூலை, ஓகஸ்ட், செப்டெம்பர் ஆகிய மூன்று மாதங்களின் சராசரியை முந்திய ஆண்டின் அதே மூன்று மாதச் சராசரியோடு ஒப்பிட்டு, ஏற்றம் நூற்றுக்கு எவ்வளவோ அதனை ஒரு தசமத்துக்கு முழுமையாக்குவர். அவ்வளவே. அமெரிக்காவின் கோடிக்கணக்கான முதியோரின் அடுத்த ஆண்டுக் கோப்பியும் பாணும் ஓர் ஐந்தாம் வகுப்பு மாணவன் செய்யக்கூடிய அந்த வகுத்தலிலே தொங்குகின்றன.

இந்தச் சுட்டெண்ணின் பிறப்பும் யுத்தத்தோடு தொடர்புடையது என்பதைப் படித்தபோது வியப்படைந்தேன். முதலாம் உலக யுத்த காலத்தில், கப்பல் கட்டும் துறைகளிலே சம்பளப் பிணக்குகளைத் தீர்ப்பதற்காகத் திரட்டப்பட்ட விலைக் கணக்குகளே அதன் வித்து. 1919 ஆம் ஆண்டு முதல் பல நகரங்களுக்கு அது வெளியிடப்படலாயிற்று. அக்காலத்தில் அதற்கு 'வாழ்க்கைச் செலவுச் சுட்டெண்' என்றே பெயர். இரண்டாம் உலக யுத்தத்தின்போது தொழிற்சங்கத்தினர், உண்மையான வாழ்க்கைச் செலவை இது குறைத்துக் காட்டுகின்றது என்று கடுமையாக வாதாடினர். அந்தச் சர்ச்சையின் விளைவாக 1945 ஆம் ஆண்டில் அதன் பெயர் நுகர்வோர் விலைச் சுட்டெண் என மாற்றப்பட்டது. விலை வேறு, வாழ்க்கைச் செலவு வேறு என்பதைப் பணியகமே ஒப்புக்கொண்டதற்கு ஒப்பாகும் இது. ஆயினும் ஆண்டுதோறும் கொடுக்கும் ஏற்றத்துக்கு மட்டும் 'வாழ்க்கைச் செலவுச் சீராக்கம்' என்ற பெயர் இன்றும் நிலைத்திருக்கின்றது. பெயர்களை ஆராயும் இலக்கிய அன்பர்கள் இதிலே சிறிது நேரம் தங்கிச் செல்லலாம்.

2025 ஆம் ஆண்டில் இந்த வகுத்தலுக்கும் ஓர் இடையூறு வந்தது. செலவுக்குப் பணம் ஒதுக்கும் சட்டம் நிறைவேறாமையால் ஒக்டோபர் 1 ஆந் திகதி முதல் அரசாங்கத்தின் பெரும்பகுதி மூடப்பட்டது. புள்ளிவிபரப் பணியகமும் மூடப்பட்டது. ஆனால் செப்டெம்பர் மாதத்து எண் இன்றிச் சீராக்கத்தைக் கணிக்க இயலாது. ஆகையால் ஊழியர் சிலர் திரும்பவும் அழைக்கப்பட்டு அந்த ஒரு கணக்கை மாத்திரம் முடித்து, ஒக்டோபர் 24 ஆந் திகதி வெளியிட்டனர். ஒக்டோபர் மாதத்து விலைக் கணக்கு பின்னரும் வெளிவரவே இல்லை. அரசாங்கமே உறங்கிய காலத்தில் முதியோரின் சதவீதத்துக்காக ஓர் அறையிலே விளக்கு எரிந்தது என்பதை அந்தப் பெரியவருக்குச் சொன்னேன். அவர் சிரித்தார். "எனக்காகவா எரிந்தது?" என்றார்.

தானாக ஏறும் இந்த ஏற்பாடு எளிதிலே வந்ததன்று. சமூகப் பாதுகாப்பின் மாதாந்தப் பணத்தை முதன்முதலாகப் பெற்றவர் வெர்மன்ட் மாநிலத்து ஐடா மே புல்லர் என்னும் மூதாட்டி. 1940 ஆம் ஆண்டு ஜனவரியில் அவருக்கு 22 டொலர் 54 சதத்துக்குக் காசோலை எழுதப்பட்டது. அதன்பின் யுத்தம் வந்தது. யுத்தத்தோடு விலையேற்றமும் வந்தது. பத்து ஆண்டுகளிலே விலைகள் முக்கால் பங்குக்குக் கிட்ட ஏறின. காசோலையோ 22 டொலர் 54 சதமாகவே வந்துகொண்டிருந்தது. 1950 ஆம் ஆண்டில் காங்கிரஸ் சட்டம் இயற்றிய பின்னரே அது 41 டொலர் 30 சதமாயிற்று. அதற்குப் பின்பும் இருபத்தைந்து ஆண்டுகள், ஏற்றம் வேண்டுமென்றால் ஒவ்வொரு முறையும் காங்கிரஸ் சபையின் வாசலிலே நிற்கவேண்டியிருந்தது. விலையைப் பார்த்துத் தானாக ஏறவேண்டும் என்ற சட்டம் 1972 ஆம் ஆண்டில் இயற்றப்பட்டது. முதலாவது தானியங்கி ஏற்றம் 1975 ஆம் ஆண்டில், நூற்றுக்கு 8 வீதமாகக் கிடைத்தது.

இங்கேதான் போர்வீரர் கதையிலே ஒரு விசித்திரமான திருப்பம். சமூகப் பாதுகாப்புப் பணம் ஏறினால் வறிய போர்வீரர் மகிழ்ந்திருக்க வேண்டுமன்றோ? அக்காலத்தில் அவர்கள் அஞ்சினர். அவர்களது பென்சன் வருமானத்தைப் பார்த்துக் கொடுக்கப்படுவது. வருமானம் ஏறினால் பென்சன் இறங்கும். வரம்பைத் தாண்டினால் அடியோடு நின்றுவிடும். 1972 ஆம் ஆண்டில் காங்கிரஸ் சமூகப் பாதுகாப்பை நூற்றுக்கு 20 வீதம் உயர்த்தியது. ஒரு கை அள்ளிக் கொடுத்ததை மறுகை கணக்குப் பார்த்து எடுக்கத் தொடங்கியது. ஒவ்வொரு முறையும் பென்சன் வரம்புகளைத் திருத்துவதற்குத் தனியாக வேறொரு சட்டம் தேவைப்பட்டது. 1978 ஆம் ஆண்டில் இயற்றப்பட்டு 1979 ஜனவரி முதலாந் திகதி நடைமுறைக்கு வந்த பென்சன் சீர்திருத்தச் சட்டம் இந்த முடிச்சை அவிழ்த்தது. ஒரு போர்வீரருக்கு ஆண்டுக்கு ஆகக்கூடிய தொகை இவ்வளவு என்று அது வரையறுத்தது. அவரது வருமானம் அதற்குக் கீழே எவ்வளவு குறைகின்றதோ அவ்வளவை அரசாங்கம் நிரப்பும். சமூகப் பாதுகாப்பு எத்தனை வீதம் ஏறுகின்றதோ அத்தனை வீதம் அந்த ஆகக்கூடிய தொகையும் அதே நாளில் ஏறும். கணக்கு ஆசிரியன் என்ற முறையிலே சொல்லுகின்றேன்: இது அழகான தீர்வு. இரண்டு கைகளும் ஒரே அளவில் உயர்ந்தால் ஒன்றை மற்றொன்று பிடுங்க இயலாது.

ஆனால் பழைய சட்டங்களின் கீழ் ஏற்கெனவே பென்சன் பெற்று, புதிய முறைக்கு மாறாதவர்களின் தொகை 1978 ஆம் ஆண்டு முடிவில் இருந்தபடியே உறைந்துவிட்டது. வருமான வரம்பு மட்டும் ஆண்டுதோறும் உயர்ந்தது. உறைந்த பென்சன் எப்படி இருக்கும் என்பதற்கு இதனினும் பழையதோர் உதாரணம் உண்டு. அமெரிக்க உள்நாட்டு யுத்தம் 1865 ஆம் ஆண்டில் முடிவடைந்தது. அந்த யுத்தத்துக்குரிய பென்சன் 2020 ஆம் ஆண்டுவரை கொடுக்கப்பட்டு வந்தது என்றால் நம்புவீர்களா? வட கரோலினாவில் ஒரு மூதாட்டி இருந்தார். அவர் பிறந்தபோது, உள்நாட்டு யுத்தத்தில் போர் செய்த தந்தைக்கு வயது எண்பதைத் தாண்டிவிட்டது. தன்னைத் தானே பராமரிக்க இயலாத மகள் என்ற முறையில் அவருக்கு மாதம் 73 டொலர் 13 சதம் கிடைத்து வந்தது. அந்தப் பதின்மூன்று சதத்தையே நான் நெடுநேரம் யோசித்துக்கொண்டிருந்தேன். எந்தக் காலத்திலோ எந்த எழுதுவினைஞரோ போட்ட கணக்கின் மிச்சம் அது. 2020 ஆம் ஆண்டு மே மாதத்தில் அந்த மூதாட்டி மறைந்தார். அத்தோடு உள்நாட்டு யுத்தத்தின் கடைசிப் பென்சனும் முடிந்தது.

இனி நூலகத்து மேசைக்குத் திரும்புவோம். பெரியவரின் சரியான தொகையைப் பத்திரிகையிலே எழுதுவது முறையன்று. ஆகையால் எண்களை முழுமையாக்கிச் சொல்லுகின்றேன். கணக்கின் போக்கு அதேதான். 2025 ஆம் ஆண்டில் அவருக்குச் சமூகப் பாதுகாப்பு மாதம் 1,000 டொலர், ஆண்டுக்கு 12,000. மனைவி மக்கள் இல்லாத போர்வீரருக்கு அவ்வாண்டின் ஆகக்கூடிய தொகை 16,965 டொலர். குறைவு 4,965, மாதத்துக்கு, சதத்தை விட்டுவிட்டால், 413 டொலர் பென்சன். 2026 ஆம் ஆண்டில் சமூகப் பாதுகாப்பு 1,028 டொலராகின்றது. ஆகக்கூடிய தொகை 17,441 டொலராகின்றது. பென்சன் 425 டொலராகின்றது. ஆக, ஏற்றம் 28 உம் 12 உம் சேர்ந்து 40 டொலர்.

நாற்பது டொலர் கைக்கு வருமா? அமெரிக்க முதியோரின் மருத்துவக் காப்புறுதியில், வைத்தியருக்கான பகுதிக்கு மாதக் கட்டணம் உண்டு. அது சமூகப் பாதுகாப்புப் பணத்திலிருந்தே வெட்டப்படும். 2025 ஆம் ஆண்டில் அந்தக் கட்டணம் 185 டொலர். 2026 ஆம் ஆண்டில் 202 டொலர் 90 சதம். 17 டொலர் 90 சதம் அங்கே போயிற்று. பென்சன் நூற்றுக்கு 2.8 வீதம் ஏற, கட்டணம் நூற்றுக்கு 9 வீதத்துக்கு மேல் ஏறியிருப்பதைக் கவனிக்க. கட்டணத்தின் ஏற்றம் காரணமாக ஒருவரது காசோலை முந்திய ஆண்டினதைவிடக் குறைந்துவிடக்கூடாது என்று சட்டம் பாதுகாக்கின்றது. ஆனால் ஏற்றம் முழுவதையும் அது விழுங்கிவிடுவதைத் தடுப்பதில்லை. வறியோருக்கு இந்தக் கட்டணத்தை மாநிலமே கட்டும் ஏற்பாடும் உண்டு. அதற்குச் சேமிப்பிலே கடுமையான வரம்பு இருக்கின்றது. தம் மரணச் செலவுக்கென்று பெரியவர் வங்கியிலே ஒதுக்கி வைத்திருந்த பணம் அந்த வரம்பைக் கடந்து நின்றது. போர்வீரர் பென்சனுக்கோ 2026 ஆம் ஆண்டில் சொத்து வரம்பு 163,699 டொலர்; அதுவும் ஆண்டுதோறும் சுட்டெண்ணோடு ஏறும். ஒரே அரசாங்கத்தின் ஒரு கதவு ஒருவரை வறியவர் என்கின்றது. அடுத்த கதவு அவரையே பணக்காரர் என்கின்றது.

அடுத்தது வாடகை. அவர் வசிப்பது முதியோருக்காக அரசாங்க உதவியோடு நடத்தப்படும் தொடர்மாடியில். அங்கே வாடகை, சில கழிவுகள் போக, வருமானத்தில் நூற்றுக்கு 30 வீதம். வருமானம் 40 டொலர் ஏறினால் வாடகை 12 டொலர் ஏறும். இதிலே யாரையும் குறை சொல்லுவதற்கில்லை. ஏழைக்கு வாடகை குறைவாக இருக்கட்டும் என்ற நல்ல எண்ணத்திலே வகுத்த விதி அது. ஆனால், விலை ஏறியதற்கு ஈடாகக் கொடுத்த பணத்தை அந்த விதி புதிய வருமானமாகவே பார்க்கின்றது. கொப்பியிலே எழுதினேன்: நாற்பதில் 17.90 போக 22.10. அதிலே 12 போக 10.10.

பத்து டொலர் பத்துச் சதம். அந்த எண்ணைச் சுற்றி அவர் பென்சிலால் ஒரு வட்டம் போட்டார். உணவுக்கான அரசாங்க உதவியும் வருமானத்தைப் பார்த்தே கொடுக்கப்படுவது. அதிலும் சிறிது குறையும் என்பதை நான் அவருக்கு அன்று சொல்லவில்லை.

அவரோடு கணக்குப் பார்த்த பின்னர், பழைய ஆண்டுகளின் சதவீதங்களையும் நூலகத்திலே தேடிப் படித்தேன். 1980 ஆம் ஆண்டில் ஏற்றம் நூற்றுக்கு 14.3 வீதம், இதுவரை கொடுக்கப்பட்ட தானியங்கி ஏற்றங்களில் ஆகக்கூடியது அதுவே. 2010, 2011, 2016 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் ஏற்றம் பூச்சியம். 2008 ஆம் ஆண்டின் கோடையிலே எரிபொருள் விலை உச்சத்துக்குப் போய்ப் பின்னர் வீழ்ந்தமையால், அந்த உச்சத்தைத் தாண்டும்வரை சுட்டெண் காத்திருந்தது. 2015 ஆம் ஆண்டிலும் எரிபொருளே இறங்கியது. மோட்டார் வண்டியை விற்றுவிட்ட கிழவருக்குப் பெற்றோல் மலிந்ததால் என்ன இலாபம்? பல் வைத்தியரின் கட்டணம் மலியவில்லை. 2023 ஆம் ஆண்டுக்குக் கொடுத்த 8.7 வீதம் 1981 ஆம் ஆண்டுக்குப் பின்னர் கண்டிராத ஏற்றம் என்று பத்திரிகைகள் எழுதின. ஆனால் அந்த ஏற்றம் பின்னே வந்த ஏற்றம். விலைகள் பாய்ந்தது 2022 ஆம் ஆண்டிலே. அவ்வாண்டு முழுவதும் கையிலிருந்தது 5.9 வீதம். அவ்வாண்டு ஜூன் மாதத்தில் விலைகள் ஓராண்டில் நூற்றுக்கு 9.1 வீதம் ஏறியிருந்தன. மழை பெய்து முடிந்த பிறகு குடை கொடுப்பது போன்றதன்று இது. குடையேனும் அடுத்த மழைக்கு உதவும். நனைந்த மாதங்களுக்கு ஈடு எதுவும் இல்லை.

கூலியாளரின் கூடையைக் கொண்டு முதியோரின் வயிற்றை அளக்கலாமா என்ற கேள்வியும் பழையது. உழைக்கும் குடும்பம் பிரயாணத்துக்கும் பெற்றோலுக்கும் அதிகம் செலவிடும். முதியவர் வீட்டுக்கும் வைத்தியத்துக்கும் அதிகம் செலவிடுவார். அறுபத்திரண்டு வயதுக்கு மேற்பட்டோருக்கெனப் பரிசோதனைச் சுட்டெண் ஒன்றையும் பணியகம் தயாரித்து வருகின்றது. அது 1980களிலிருந்து பரிசோதனையாகவே இருக்கின்றது. ஒரு பரிசோதனை நாற்பது ஆண்டுகள் நீடிக்குமானால் பரிசோதிக்கப்படுவது எது என்று எனக்குத் தெரியவில்லை.

காயத்துக்கான நட்டஈட்டிலே இந்தச் சதவீதம் வேறொரு வேடம் கொள்ளுகின்றது. அது தானாக ஏறுவதில்லை. ஒவ்வோராண்டும் காங்கிரஸ் ஒரு சிறு சட்டத்தை நிறைவேற்றி, சமூகப் பாதுகாப்புக்குக் கொடுத்த வீதத்தையே கொடுக்கின்றது. வாக்களிப்பிலே அதற்கு எதிர்ப்பும் பெரும்பாலும் இராது. நூற்றுக்குப் பத்து வீதம் இயலாமையுள்ளவருக்கு 2025 ஆம் ஆண்டில் மாதம் 175 டொலர் 51 சதம். 2026 ஆம் ஆண்டில் 180 டொலர் 42 சதம். ஏற்றம் ஐந்து டொலருக்கும் குறைவு. முழு இயலாமையுள்ளவர், தனியாள், 3,831 டொலர் 30 சதத்திலிருந்து 3,938 டொலர் 58 சதத்துக்கு ஏறுகின்றார். அவருக்கு ஏற்றம் 107 டொலர். பாணின் விலை இருவருக்கும் ஒன்றே. இதிலே அநீதி உண்டென்று நான் சொல்ல வரவில்லை, காயங்கள் ஒன்றல்ல. ஆனால் 'எல்லாருக்கும் ஒரே வீதம்' என்ற வாக்கியத்தை வகுப்பிலே ஒரு மாணவன் 'எல்லாருக்கும் ஒரே அளவு' என்று விளங்கிக்கொண்டால் அவனைத் திருத்துவதற்கு இந்த உதாரணம் போதும்.

படையில் நீண்டகாலம் சேவை செய்து இளைப்பாறியோரின் வரலாறு வேறு. 1958 ஆம் ஆண்டுவரை, பணியிலிருப்போரின் சம்பளம் உயர்ந்தால் இளைப்பாறியோரின் சம்பளமும் அதற்கேற்பத் திரும்பக் கணிக்கப்பட்டது. பின்னர் அந்த வழக்கம் கைவிடப்பட்டு, 1963 ஆம் ஆண்டில் விலைச் சுட்டெண்ணோடு அது பிணைக்கப்பட்டது. இந்தப் பிணைப்பைத் தளர்த்தப் பார்த்த ஒரு முயற்சி 2013 ஆம் ஆண்டு டிசெம்பரில் நடந்தது. வரவு செலவு உடன்பாட்டுச் சட்டமொன்றில், அறுபத்திரண்டு வயதுக்குட்பட்ட இளைப்பாறியோருக்கு ஆண்டு ஏற்றத்தை விலையேற்றத்தைவிட ஒரு வீதம் குறைத்துக் கொடுப்பது என்று சேர்த்துவிட்டனர். ஒரு வீதந்தானே என்று எண்ணத் தோன்றும். கூட்டுவட்டிக் கணக்குத் தெரிந்தவர்கள் அப்படி எண்ணமாட்டார்கள். நாற்பத்திரண்டு வயதிலே இளைப்பாறிய ஒருவருக்கு, ஆண்டுக்கு ஒன்றாக இருபது ஆண்டுகள் குறைத்துவந்தால், முடிவிலே மாதப்பணம் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைந்து நிற்கும். அறுபத்திரண்டாம் வயதில் ஒருமுறை சரிசெய்து தரப்படும் என்றனர். இடையிலே இழந்தது இழந்ததே. போர்வீரர் சங்கங்கள் கொதித்தெழுந்தன. சனாதிபதி கையெழுத்திட்டு இரண்டு மாதங்கள் முடிவதற்குள், 2014 ஆம் ஆண்டு பெப்ரவரியில், அப்போது சேவையிலிருந்தோரையும் இளைப்பாறியோரையும் அதிலிருந்து விடுவித்துக் காங்கிரஸ் வேறொரு சட்டம் இயற்றியது. அமெரிக்கக் காங்கிரஸ் இவ்வளவு விரைவாகத் தன் மனத்தை மாற்றிக்கொள்வது அரிது. வறியோர் பென்சன் பெறுவோர் எழுந்து நின்று இப்படிக் குரல் கொடுத்தால் அது கேட்குமா என்பது வேறு விடயம்.

பத்து டொலர் பத்துச் சதத்தை வட்டமிட்ட நாளின் மாலையிலே மகளிடம் இதனைச் சொன்னேன். அவள் வைத்தியசாலை ஒன்றின் கணக்குப் பகுதியிலே வேலை செய்பவள். "அப்பா, அந்தாள் மருந்துச் செலவைக் காட்டியிருக்கிறாரோ எண்டு கேட்டுப் பாத்தியளோ?" என்றாள். நான் கேட்கவில்லை. முப்பத்தைந்து ஆண்டுகள் மாணவர்களுக்கு, 'தரப்பட்டவை யாவை என்று முதலில் எழுதுங்கள்' என்று சொல்லி வந்தவன், தரப்படாதவற்றைத் தேட மறந்துவிட்டேன்.

விதி இதுதான். பென்சனுக்காக வருமானத்தைக் கணிக்கும்போது, வேறெவரும் திருப்பிக் கொடுக்காத மருத்துவச் செலவைக் கழிக்கலாம். ஆகக்கூடிய தொகையில் நூற்றுக்கு ஐந்து வீதத்துக்கு மேற்பட்ட பகுதி கழியும். 2026 ஆம் ஆண்டில் அந்த ஐந்து வீதம் 872 டொலர். காப்புறுதிக்கு வெட்டப்படும் மாதக் கட்டணமும் மருத்துவச் செலவே. அது மட்டுமே ஆண்டுக்கு 2,434 டொலர் 80 சதம். 872 போக 1,562 டொலர் 80 சதம் வருமானத்திலிருந்து கழியும். கழிந்த ஒவ்வொரு டொலருக்கும் பென்சன் ஒரு டொலர் ஏறும். மாதத்துக்கு 130 டொலர். அதற்கு மேலே பல் வைத்தியருக்கும் மருந்துக் கடைக்கும் கொடுத்தவை அத்தனையும் சதம் சதமாகச் சேரும். வரம்பைக் கட்டணமே தாண்டிவிட்டதல்லவா?

மறுநாள் அவரிடம் கேட்டேன். அறுபத்து மூன்றாம் வயதில், உழைக்க இயலாதவர் என்ற முறையில் பென்சனுக்கு எழுதியபோது அவர் அந்தக் காப்புறுதியிலே சேர்ந்திருக்கவில்லை. மருத்துவச் செலவு என்ற பகுதியில் ஒன்றுமே எழுதவில்லை. அறுபத்தைந்திலே சேர்ந்தார், கட்டணம் வெட்டப்படத் தொடங்கியது. அதனை அறிவிக்க வேண்டும் என்பது அவருக்குத் தெரியாது. பன்னிரண்டு ஆண்டுகளாக, அரசாங்கம் ஆண்டுதோறும் தந்த ஏற்றத்தையெல்லாம் அந்த வெற்றுக் கோடு ஒன்றே ஈடுசெய்யக்கூடியதாய் இருந்தது. அவர் நெடுநேரம் பேசவில்லை. சினந்துகொள்வார் என்று எதிர்பார்த்தேன், சினக்கவில்லை. "அங்கே எழுதுவதற்கு எனக்கு ஒன்றுமில்லை என்றுதான் நினைத்தேன். மற்றவர்களுக்கு என்னைக் காட்டிலும் அதிகம் தேவை என்று நினைத்தேன்," என்றார்.

அடுத்த வாரம் அவர் ஒரு சப்பாத்துப் பெட்டியோடு வந்தார். உள்ளே பற்றுச்சீட்டுகள். சில மங்கி எழுத்தே தெரியாமற் போய்விட்டன. நூலகர் அம்மையார் படிவத்தை அச்சிட்டுத் தந்தார். பணம் வாங்க மறுத்துவிட்டார். நான் கூட்டினேன், அவர் எழுதினார். மூன்று முறை கூட்டி மூன்று முறையும் ஒரே விடை வந்தபோது, பழைய நாட்களிலே தவணைப் பரீட்சைப் புள்ளிகளைக் கூட்டி முடித்தது போன்ற ஒரு நிறைவு எனக்கு உண்டாயிற்று. கட்டுப்பற்களுக்குக் கொடுத்த பெரிய தொகையின் பற்றுச்சீட்டு மாத்திரம் பெட்டியிலே இல்லை. குளிர்சாதனப் பெட்டியின் கதவிலே காந்தத்தால் ஒட்டியிருக்கும் என்று நினைவு வந்து, தொப்பியை எடுத்துப் போட்டுக்கொண்டு அதனை எடுத்து வருவதற்காகப் பனியிலே இறங்கி நடந்தார். நான் படிவத்தைக் கையிலே வைத்துக்கொண்டு காத்திருந்தேன்.

தை மாதம் நான் ஊர் திரும்பும்வரை பதில் வரவில்லை. மகள் தொலைபேசியிலே பேசும்போதெல்லாம் முதலில் அதைத்தான் கேட்கின்றேன்.